கொக்குத்தொடுவாய்க்குப் போய் வந்தது: பஸ், போன், ஆஸ்பத்திரி பரவாயில்லை, காணிக் கந்தோர்தான் கதை

இந்தமுறை ஊருக்குப் போனது திருவிழாவுக்கும் இல்லை, கலியாணத்துக்கும் இல்லை. அப்பாவுக்கு அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த வயலை, ஊரிலேயே இருக்கிற அக்காவின் பேருக்கு மாற்ற வழி உண்டா என்று பார்க்கப் போனேன். முல்லைத்தீவின் தெற்கு எல்லையில், கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிப் பக்கம் காணி உள்ளவர்கள் கனடாவிலும் லண்டனிலும் நிறையப் பேர். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பிலிருந்து முல்லைத்தீவுக்கு இரவு பஸ் ஓடுகிறது, சீற் முதலே பதியலாம், விடியப் போய் இறங்கலாம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பொதியை அவிழ்த்துக்கொண்டு வரிசையில் நின்ற காலம் போய்விட்டது. விமான நிலையத்தில் வாங்கின சிம் கொக்கிளாய் வரைக்கும் வேலை செய்தது. வங்கி அட்டையில் காசு எடுக்க முல்லைத்தீவு நகரம்தான் வசதி. அங்கேயே எடுத்துக்கொண்டு போங்கள். அக்காவுக்குப் பிரஷர் கூடி ஒருநாள் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். காசு வாங்கவில்லை, மரியாதையாகப் பார்த்தார்கள், டொக்டர் பிள்ளை நல்லவா. ரொறன்ரோவில் எமர்ஜென்சியில் காத்திருந்த நேரத்தை நினைத்தால் இது ஒன்றும் இல்லை.

முல்லைத்தீவிலிருந்து தெற்கே சிலாவத்தை, அலம்பில், செம்மலை தாண்டினால் நாயாறு. றோட்டு சில இடம் வழுவழுப்பு, சில இடம் இடுப்பு முறியும். நாயாற்றுக் கரையில் தெற்கிலிருந்து பருவத்துக்கு வரும் சிங்கள மீனவர்களின் வாடிகள் இருக்கின்றன. 2018 ஓகஸ்டில் இந்த இடத்தில்தான் தமிழ் மீனவர்களின் படகுகளையும் வாடிகளையும் வலைகளையும் இரவோடு இரவாக எரித்தார்கள். ஓட்டோக்காரத் தம்பி கையைக் காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த கியரைப் போட்டான்.

இந்த இடத்தின் கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். மணலாற்றுப் பக்கம் இருந்த கென்ட் பாம், டொலர் பாம் என்ற இரண்டு பண்ணைகளில், 1977 கலவரத்தில் அடிபட்டு வந்த மலையகத் தமிழர் குடியிருந்தார்கள். 1984இல் அவர்களைத் துரத்திவிட்டு, திறந்தவெளிச் சிறை என்ற பேரில் சிங்களக் கைதிகளையும் குடும்பங்களையும் கொண்டுவந்து இருத்தினார்கள். அந்த வருடம் நவம்பர் 30 புலிகள் இரண்டு பண்ணையையும் தாக்கினார்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. அடுத்தநாள் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். எங்கள் ஆட்கள் எழுதும்போது இந்தப் பக்கத்தை மெல்லத் தாண்டிப் போவது வழக்கம். நான் தாண்டவில்லை. அதற்குப் பிறகு வந்ததையும் தாண்ட முடியாது. டிசம்பர் 2 ஒதியமலையில் இராணுவத்தினர் இருபதுக்கு மேற்பட்ட தமிழ் ஆண்களை ஒன்றாகப் பிடித்துச் சுட்டார்கள். அந்த மாதமே எங்கள் கரையோரக் கிராமங்களைக் காலிசெய்யச் சொல்லி இராணுவம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. அம்மா உலையில் இருந்த அரிசியை இறக்கிவைத்துவிட்டு வெளிக்கிட்டவ. திரும்பி வந்து குடியிருக்க 2009இல் போர் முடிந்து, கண்ணிவெடியும் கிளப்பி முடியவேண்டியிருந்தது. இடையில் வயல்களின் பெரும்பங்கு மகாவலி நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்தின் ‘எல்’ வலயத்துக்குள் போய்விட்டது. அரச பத்திரங்களில் அந்தப் பகுதி இப்போது வெலிஓயா.

குழாய்த் தண்ணீர் வேலை ஊரில் நடக்கிறது, நல்ல விசயம். ஆனால் கொக்குத்தொடுவாயில் அந்தக் குழாய் போடத் தோண்டினபோதுதான், 2023 ஜூன் 29, மனித எலும்புகள் வெளியே வந்தன. புலிகளின் சீருடைத் துணிகளும் கூடவே வந்தன. 2024 ஜூலையில் தோண்டி முடித்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அக்காவின் சிநேகிதி ஒருவர் காணாமல்போன தன் மகளுக்காக ஒவ்வொரு நாளும் அந்தக் கிடங்கருகே போய் நின்றவ. கண்டது பற்றிக் கேட்டேன். “உடுப்பைத்தான் பார்க்க விட்டவங்கள் தம்பி. உடுப்பை வைச்சு என்னத்தைக் கண்டுபிடிக்க?” என்றா.

இனிக் காணி. அப்பாவின் பெர்மிட் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்தது. நாலாய் மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து தின்றுபோய், காணித்துண்டு இலக்கத்தில் நடு எண் இல்லை. அம்மா அதைப் பொலித்தீனில் சுற்றி ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் கொண்டு திரிந்தவ, முள்ளிவாய்க்கால் வரைக்கும்.

முதல் கந்தோரில் இருந்த பிள்ளை தமிழ். கடதாசியைத் தொட்டதுமே, “ஐயா, இது எங்கட பிரிவில வராது, இப்ப மற்றப் பக்கம்” என்றா. மற்றப் பக்கத்துக்குப் போனோம். அங்கே படிவம் சிங்களத்தில் மட்டும். தமிழும் அரச கரும மொழிதானே, தமிழ்ப் படிவம் தாருங்கள் என்று கேட்டேன். “முடிஞ்சுது, அச்சடிச்சு வரும்” என்றார்கள். உத்தியோகத்தர் சிங்களவர், உடைந்த தமிழில் பொறுமையாகத்தான் பேசினார். வரைபடத்தை விரித்து விரலால் தேடிவிட்டு, அக்காவின் வயலில் ஒரு மூலை வனப் பகுதிக்குள் விழுகிறது, அதற்கு வனத் திணைக்களத்திடம் கடிதம் எடுத்து வரச் சொன்னார். மூன்றாவது கந்தோரில் கடிதம் தருவதற்கு முதல் கந்தோரின் சிபாரிசு வேண்டும் என்றார்கள். ஒருவர்கூட ‘முடியாது, இல்லை’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இல்லை என்று எழுத்தில் தந்தால் மேன்முறையீடு செய்யலாம், வழக்குப் போடலாம். வா, போ என்று சொன்னால் ஒன்றும் செய்ய ஏலாது.

அந்த வயலை இப்போது செய்கிறவரையும் கண்டோம். அக்காவுக்கு விருப்பமில்லை; நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஐம்பதை நெருங்கின மனிதர், சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தகப்பனோடு வந்தவராம். தேத்தண்ணி தந்தார். உள்ளே போய் ஒரு பைலைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார்: அவரிடமும் பெர்மிட், லேமினேட் பண்ணினது, அவருடைய தகப்பனின் பேரில். எங்கள் பொலித்தீன் பொதியைப் பக்கத்தில் வைத்தோம். இரண்டு கடதாசியும் அரசாங்கம் தந்தவைதான். ஓட்டோத் தம்பி மொழிபெயர்த்தான். “நாங்க பலாத்காரமாப் பிடிக்கேல்லை, தந்தாங்கள், வந்தோம்” என்கிறாராம். அக்கா, “நாங்களும் விட்டுப் போகேல்லை, கலைச்சாங்கள், போனோம் எண்டு சொல்லு” என்றா. அவன் சொன்னான். மனிதர் தலையாட்டினார். அதற்குமேல் அங்கே பேச ஒன்றும் இருக்கவில்லை. இந்த இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பது கந்தோர்களுக்கு வசதியாகத்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சட்டம் ஒன்றுமே இல்லை என்று சொல்லவரவில்லை. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு ஆட்சியுரிமைக் கால எல்லையில் (ஒருவர் காணியைக் கனகாலம் வைத்திருந்தால் அவருக்கே அது சொந்தமாகும் என்ற விதி) விலக்குத் தருகிற சட்டம் 2016இல் வந்தது. அது உறுதிப் பத்திரம் உள்ள தனியார் காணிக்காரருக்குப் பொருந்தும். எங்களைப் போன்ற பெர்மிட்காரருக்கு அதால் பெரிய பலன் இல்லை. 2025 மார்ச் 28 வர்த்தமானி ஞாபகம் இருக்கும்: வடக்கில் 5,900க்கு மேற்பட்ட ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்ற அறிவித்தல். முல்லைத்தீவுக் காணியும் அதில் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பி, வழக்கும் போய், பிறகு அரசாங்கமே மீளப் பெற்றது. நாற்பது வருடம் உள்ளே போக விடாத காணிக்கு மூன்று மாதத் தவணை! லீவு எடுத்து, ரிக்கெற் போட்டு, அற்றோணித் தத்துவம் (எங்கள் சார்பில் இன்னொருவர் அலுவல் பார்க்க அதிகாரம் தரும் பத்திரம்) முடிக்கவே எங்களுக்கு மூன்று மாதம் போய்விடும்.

அடுத்துப் போகிறவர்களுக்குச் சில விசயம். நேரே போக முடியாதவர்கள் அற்றோணித் தத்துவத்தை இலங்கைத் தூதரகம் அல்லது துணைத்தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பவேண்டும். பிறகு இலங்கையில் அதைப் பதிவும் செய்யவேண்டும். பெர்மிட் தொலைந்திருந்தால் கையை விரிக்கவேண்டாம். கமநல சேவை நிலையத்தில் பழைய நெற்காணி இடாப்பு தப்பியிருக்கிறதா என்று கேளுங்கள். 1984க்கு முந்தின வாக்காளர் இடாப்பு, பள்ளிக்கூட அனுமதிப் பதிவு, பக்கத்து வயல்காரரின் சத்தியக் கடதாசி எல்லாம் உதவும். எந்தக் கடிதம் கொடுத்தாலும் கொப்பியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். வாயால் சொன்ன பதிலை அன்றே எழுதி, “இன்ன திகதி இன்னபடி கூறப்பட்டது” என்று பதிவுத் தபாலில் அவர்களுக்கே அனுப்புங்கள். நாங்கள் அப்படி அனுப்பின பிறகுதான் இரண்டாவது கந்தோரிலிருந்து கோப்பு இலக்கத்தோடு ஒரு பதில் வந்தது. சிங்களத்தில்தான் வந்தது, அக்கா அதைத் தமிழில் தரச் சொல்லி அடுத்த கடிதத்தை எழுதியிருக்கிறா.