வஹாகா மடத்துக் கள்ளித் தோட்டம்: போகலாமா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, மெக்சிக்கோ வரைக்கும் போய்க் கள்ளிச்செடியைப் பார்த்துட்டா வந்தீங்க?" ஆமாம், அதைத்தான் பார்த்தேன். போட்ட காசு வீணாகவில்லை.

வஹாகா நகரத்தில் சாந்தோ டொமிங்கோ என்று ஒரு பழைய மடம். ஸ்பானியர் ஆட்சியில் டொமினிக்கன் துறவிகள் கட்டியது. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் வெளியேற்றப்பட்டதும் ராணுவம் புகுந்துகொண்டது. 1990களில் ராணுவம் காலி செய்தபோது, அங்கே ஹோட்டலும் கார் நிறுத்துமிடமும் கட்டலாம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேடோவும் அவரோடு சேர்ந்தவர்களும் விடவில்லை. 1998இல் மடம் அருங்காட்சியகமும் கலாசார மையமுமாகத் திறந்தது, சுற்றியிருந்த நிலம் தாவரத் தோட்டமானது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவும் ரப்பர் காயவைக்கும் புகைக்கூடமும் போய்த் தாமான் (குடியிருப்பு) வீடுகள் முளைத்ததைப் பார்த்தவன் நான். இந்தக் கதையைக் கேட்கவே தெம்பாக இருந்தது.

தேவாலயத்துக்குள் எங்கு பார்த்தாலும் தங்க முலாம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம், அவ்வளவுதான். அருங்காட்சியகத்தில் தவறவிடக் கூடாதது 7ஆம் எண் கல்லறைப் பொருள்கள். 1932இல் தொல்லியலாளர் அல்போன்சோ காசோ மோன்தே அல்பான் மலையில் கண்டெடுத்தவை: பொன் பதக்கங்கள், முத்துகள், செதுக்கிய எலும்புகள், நீலப்பச்சைக் கல் பதித்த மண்டை ஓடு. "எந்தப் பத்தர் செஞ்சாரோ" என்று என் மனைவி கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே இல்லை. விளக்கங்கள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில்தான். கைப்பேசியில் மொழிபெயர்ப்பு இருந்தால் சமாளிக்கலாம்.

அப்புறம் தோட்டம். தனியாக விடமாட்டார்கள், வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ரப்பர் நாற்று மேடையில் வேலை பார்த்தவன் ஆகையால் எனக்குக் கால் வலியே தெரியவில்லை. சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் பூச்சி. நம் நாற்றில் கண்டால் உடனே மருந்தடிப்போமே, அந்த மாவுப்பூச்சி மாதிரியேதான். வழிகாட்டிப் பெண் நகத்தால் ஒன்றைச் சுரண்டி உள்ளங்கையில் நசுக்கினார். ரத்தச் சிவப்பு! எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் ஆரஞ்சுக்கு மாறியது. சோடா மாவு தொட்டதும் ஊதா. கோச்சினீல் சாயம் இதுதான். இதற்காகவே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். அங்கே சரிப்பட்டு வரவில்லை.

ரப்பரைப் பற்றிக் கேட்காமல் வர மனம் இல்லை. நம் பால்மரத்தின் பூர்வீகம் பிரேசில். மெக்சிக்கோக்காரர்கள் காஸ்டில்லா என்ற வேறு மரத்துப் பாலில் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து, வெள்ளைக்காரன் வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பே பந்து செய்து ஆடியிருக்கிறார்கள். நாம் ஆசிட் ஊற்றி உறைய வைத்ததை அவர்கள் கொடியை வைத்தே முடித்துவிட்டார்கள்.

ஒரே குறை எங்கள் பயண ஏஜெண்ட். பெயர் வேண்டாம். இவ்வளவு பெரிய இடத்துக்கு அரை நாள்தான் ஒதுக்கியிருந்தார். ஒரு முழு நாள் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் விளக்கும் சுற்று எல்லா நாளும் கிடையாது, முன்கூட்டியே விசாரியுங்கள். தொப்பி அவசியம். திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அருங்காட்சியகம் மூடியிருக்கும்.