நம் தெருவுக்கு எது சரி: தாரா, சிமெண்டா, பேவர் பிளாக்கா?

நகராட்சியில் நம் தெருவை ரோடு போட எடுத்திருக்கிறார்கள் என்று சேதி வந்ததும், எதில் போடுவது என்பதில்தான் முதல் பேச்சு கிளம்பும். சிமெண்ட் போட்டால் இருபது வருஷத்துக்குக் கவலையில்லை என்பார் ஒருவர், தார்தான் வண்டி ஓட்ட நல்லது என்பார் எதிர்வீட்டுக்காரர், பேவர் பிளாக் என்றால் பார்க்கவே நன்றாக இருக்குமே என்பார் கவுன்சிலர். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சின்ன நகராட்சி ஒன்றில், விரல்விட்டு எண்ணக்கூடிய பொறியாளர்கள் ஊர் முழுக்கக் குழாய், கால்வாய், கட்டடம், ரோடு எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய இடத்தில், எது அதிக நாள் உழைக்கும் என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது. நான் பார்க்கச் சொல்வது வேறு மூன்று விஷயம். தெருக்காரர்களே நின்று சரிபார்க்க முடிகிற சாலையா? நாளைக்குத் தோண்டினால் பிழைக்குமா? வீட்டு வாசலைப் பள்ளத்தில் தள்ளாமல் இருக்குமா?

கணக்குக்கு 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். 400 சதுர மீட்டர்.

முதலில் தார். கையில் இருக்கும் பணத்துக்கு அதிக நீளம் போட முடிவது இதில்தான், காலையில் தொடங்கினால் சாயங்காலம் வண்டி ஓடும். பஸ்ஸும் லாரியும் போகிற பெரிய வீதிக்கு இதை விட்டால் எளிதில் பழுது பார்க்கக்கூடிய சாலை கிடையாது. சிக்கல் என்னவென்றால், தாரில் நடக்கும் குறை அன்றைக்குக் கண்ணில் படாது. மேலடுக்கு 30 மில்லிமீட்டர் என்று மதிப்பீட்டில் இருக்கும், விழுவது 20 ஆக இருக்கும், இரண்டுமே புதிதாகப் போட்ட அன்று ஒரே கறுப்புதான். இதைப் பிடிக்க ஒரு வழி எடைக் கணக்கு. 400 சதுர மீட்டருக்கு 30 மில்லிமீட்டர் என்றால் 12 கன மீட்டர், ரோலர் ஓட்டி இறுகிய பிறகு கன மீட்டருக்குச் சுமார் 2.3 டன் என்று வைத்தால் 27, 28 டன் கலவை நம் தெருவுக்குள் வந்திருக்க வேண்டும். மேடுபள்ளம் நிரவ ஆகும் கலவை இதற்கு மேல். 18 டன்னில் வேலை முடிந்துவிட்டது என்றால் விழுந்தது 20 மில்லிமீட்டர்தான். டிப்பர் வண்டிகளின் எடைச்சீட்டைக் கேட்டு வாங்கி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது சூடு. தார்க் கலவையைச் சூடாகத் தயாரிக்கும் ஹாட் மிக்ஸ் பிளாண்டில் இருந்து கிளம்பும்போது கலவை 150 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், ரோலர் ஓடி முடிக்கும் வரை 90 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. பிளாண்ட் எங்கேயோ தொலைவில் இருந்து, வண்டி தார்ப்பாய் மூடாமல் வந்து, சந்துக்குள் திரும்ப முடியாமல் அரை மணி நேரம் நின்றால் கலவை ஆறிப்போய்விடும். ஆறிய கலவையை எவ்வளவு உருட்டினாலும் இறுகாது, முதல் மழையிலேயே ஜல்லி பெயரும். தூறல் விழும்போதும், தூசியைக் கூட்டாத தரை மேலும் தார் போடுவதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. பிளாஸ்டிக் கலந்த தார் என்று மதிப்பீட்டில் இருந்தால் அதை எண்ணிப் பயப்பட வேண்டாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை அது, 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், நீருக்கு அது சாதாரணத் தாரை விட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது.

வாசல் பிரச்சினையும் தாரோடு வந்ததுதான். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டே வந்ததில், எங்கள் ஊரில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது, மழை பெய்தால் தெருத் தண்ணீர் நடைக்குள்தான் நிற்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ராத்திரி ஒரு மணிக்கு வாளியால் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தால் கோபம் வராமல் இருக்காது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பை மில்லிங் செய்து எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று துறைகளுக்கு எழுதினார். அதற்குப் பிறகும் மில்லிங் இல்லாமல் மதிப்பீடு வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மில்லிங் மதிப்பீட்டில் இருந்து, தெருவில் நடக்காவிட்டால் அது செய்யாத வேலைக்கு வாங்கும் பணம்.

சிமெண்ட் கான்கிரீட்டில் அளவைச் சரிபார்ப்பது தாரை விடச் சுலபம். பக்கவாட்டில் பலகை அடித்திருப்பார்கள், 150 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஸ்கேல் வைத்தே பார்த்துவிடலாம். நம் தெருவுக்கு 60 கன மீட்டர், 6 கன மீட்டர் ரெடிமிக்ஸ் வண்டியில் 10 நடை. தெருவிலேயே கலக்கினால் எம்-20 என்னும் வலுத் தரத்துக்கு 400 மூட்டைக்குப் பக்கத்தில் சிமெண்ட் இறங்க வேண்டும். 250 மூட்டையில் முடிந்தால் என்ன நடந்தது என்று சொல்ல பொறியாளர் தேவையில்லை. வலுவைச் சோதிக்க அதே கான்கிரீட்டில் கியூப் (சோதனைக் கட்டி) வார்த்து எடுத்தார்களா, அதன் 28 நாள் ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள். தண்ணீர் ஊற்றிக் குறைந்தது 14 நாள் ஈரம் காக்க வேண்டும், பெரும்பாலும் இங்கேதான் கைவிடுகிறார்கள். மூன்றாம் நாளே பைக் ஏற்றிவிடும் நம் ஆட்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் தோண்டினால் சிமெண்ட் சாலை பிழைக்காது. வெட்டின இடத்தை எவ்வளவு நன்றாக நிரப்பினாலும் ஒட்டு ஒட்டாகத்தான் நிற்கும், ஓரத்தில் விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கும். அப்படியானால் தோண்டாமல் இருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம், அது நம் கையில் இல்லை, அதற்குக் காரணமும் பணம் வரும் வழியில்தான் இருக்கிறது. 2021-22 முதல் 2025-26 வரைக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் சின்ன நகரங்களுக்கு வந்ததில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்ட பணமாக இருந்தது, அதை எடுத்து ரோடு போட முடியவில்லை. மத்திய அரசின் நகரக் குடிநீர்த் திட்டமான அம்ருத் 2.0-இல் குடிநீர்க் குழாய்க்குத் தனியாகப் பணம், பாதாளச் சாக்கடைக்கு வேறு கடன், ரோட்டுக்கு மாநிலத் திட்டமோ சொத்துவரியில் சேர்ந்த பொது நிதியோ. ஒவ்வொன்றுக்கும் தனி டெண்டர், தனி ஒப்பந்ததாரர், செலவழித்து முடிக்கத் தனித்தனிக் கெடு. மார்ச்சுக்குள் ரோட்டுப் பணத்தை முடிக்க வேண்டும் என்பதால் பிப்ரவரியில் ரோடு விழும், ஜூனில் குழாய்க்காரர் வருவார். யார் மேலும் தனித்துக் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் நம் வரிப்பணம் இரண்டு முறை போய்விடும்.

அதனால்தான் பாதாளச் சாக்கடை இன்னும் வராத தெருவுக்கு நான் பேவர் பிளாக்கைத்தான் சொல்வேன். கல்லைப் பெயர்த்து அடுக்கி வைத்து, குழாயைப் புதைத்து, மண்ணை நன்றாக இறுக்கி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். தெரு மட்டமும் உயராது, ஏனென்றால் கீழே வெட்டி எடுத்துத்தான் படுக்கை போட வேண்டும். கல் தெருவுக்கு வரும்போதே சரிபார்க்கலாம்: வண்டி போகும் தெருவுக்கு 80 மில்லிமீட்டர், எம்-40 தரம், நடைபாதைக்குப் போடும் 60 மில்லிமீட்டர் கல்லை இறக்கினால் ஸ்கேல் காட்டிக்கொடுத்துவிடும்.

பேவர் சரியில்லை என்று சொல்கிறவர்கள் பார்த்தது பெரும்பாலும் ஓரக்கட்டு இல்லாத பேவரை. இரண்டு பக்கமும் கான்கிரீட் ஓரம் கட்டி இறுக்கிப் பிடிக்காவிட்டால், வண்டி ஏற ஏறக் கல் விலகும், இடுக்கில் இருக்கும் மணல் மழையில் போய்விடும், ஒரு வருஷத்தில் குலுங்கும். கல்லுக்கு அடியில் இருக்க வேண்டிய மணல் படுக்கை, அதற்கும் அடியில் இறுக்கிய ஜல்லிப் படுக்கை இரண்டும்தான் அந்தச் சாலை, மேலே தெரியும் கல் தோல் மாதிரி. சில இடத்தில் பழைய தார் மேலேயே கிரஷர் தூளைக் கொட்டிக் கல்லை அடுக்கிவிட்டுப் போகிறார்கள். அதைப் பேவர் சாலை என்று ஏற்றுக்கொள்ளவே கூடாது. செங்குத்தான தெருவுக்கும் கனரக வண்டி தினமும் திரும்பும் முனைக்கும் பேவர் வேண்டாம்.

சரி, யார் போடுவது? தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. அதன்படி தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. 2 கோடி வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். ஆன்லைன் டெண்டர் வந்த பிறகு டெண்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆள் நின்று மற்றவர்களைத் தடுப்பது போய்விட்டது. ஆனால் போட்டி நிஜமாக இருக்கிறதா என்பது எந்தச் சாலை என்பதைப் பொறுத்தது. தார் வேலைக்கு ஹாட் மிக்ஸ் பிளாண்ட் வேண்டும், இல்லையென்றால் பிளாண்ட் வைத்திருப்பவரின் ஒப்புதல் கடிதமாவது வேண்டும், சுற்றுவட்டாரத்தில் அப்படி இருப்பவர்கள் மூன்று நான்கு பேர் என்றால் டெண்டரில் எத்தனை பெயர் வந்தாலும் விலையை முடிவு செய்வது அவர்கள்தான். பேவருக்கும் கான்கிரீட்டுக்கும் அந்தப் பூட்டு இல்லை, உள்ளூர்ச் சின்ன ஒப்பந்ததாரர் துணிந்து கேட்கலாம்.

இதனால்தான் எல்லா வார்டுத் தெருக்களையும் சேர்த்து ஒரே பேக்கேஜாகப் போடுவதை நான் தாருக்கு மட்டும் ஒத்துக்கொள்வேன், பிளாண்டை ஓட்டக் கூட்டு அளவு வேண்டும் என்பது நியாயம். பேவரையும் கான்கிரீட்டையும் அதே பேக்கேஜில் கட்டினால் வெளியூர்ப் பெரிய நிறுவனம் எடுத்து, இன்னொருவருக்குச் சப் (உள் ஒப்பந்தம்) கொடுத்து, சப்பும் சப் கொடுத்து, கடைசியில் வேலை செய்கிறவருக்கு மிஞ்சும் பணத்தில் ஓரக்கட்டு காணாமல் போகும். அரசு வேலைக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலையில் 12-இல் இருந்து 18 விழுக்காடாக ஏறிய பிறகு இத்தனை கை மாறிய பிறகு வேலைக்கு மிஞ்சும் பணம் இன்னும் சுருங்கிவிட்டது. இன்னொரு வழியும் இருக்கிறது. மாநில நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சியில் தொடங்கிய பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒப்பந்ததாரரே 5 ஆண்டு சாலையைக் குழியில்லாமல் வைத்திருக்க வேண்டும், வைத்திருந்தால்தான் பணம். நகராட்சியின் பஸ் போகும் வீதிகளுக்கு இதைக் கேட்கலாம். சந்துகளுக்கு வேண்டாம், குழாய்க்காரர் தோண்டியதற்கு ரோட்டுக்காரர் பொறுப்பேற்க மாட்டார், வழக்காகத்தான் முடியும்.

நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் சேர்த்துக் கட்டினால் மிச்சத்தை அரசு போடும். வசதியான தெருவுக்கு அது நடக்கும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் தெருவிடம் பங்கு கேட்பது எனக்கு ஒப்பாது, அவர்களும் வரி கட்டுகிறவர்கள்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணம் போவது அளவுப் புத்தகத்தின் வழியாகத்தான், எம் புக் என்பார்களே, அதில் எழுதிய அளவுக்குத்தான் பில். தகவல் உரிமைச் சட்டம் 2005 என்றால் எல்லோரும் காகித நகல் கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவில் நடந்த வேலையை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் உரிமை இருக்கிறது. மதிப்பீடு, எம் புக், கியூப் ரிப்போர்ட், எடைச்சீட்டு நான்கையும் ஒரே மனுவில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அப்புறம் ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது குறை வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம், எதுவரை என்ற தேதியையும் அதிலேயே கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மாதம் முன்னால் தெருவை நடந்து பார்த்து, பெயர்ந்த இடம் எல்லாவற்றையும் போட்டோவோடு ஆணையருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அந்தக் காலம் முடியும் வரை பில்லில் பிடித்து வைத்த பணம் ஒப்பந்ததாரருக்குத் திரும்பிப் போன பிறகு அதே குழியை நகராட்சி தன் பணத்தில்தான் அடைக்க வேண்டியிருக்கும்.