பிறந்த ஆண்டா, பள்ளி வகுப்பா?

இளம் வீரர்களின் வயதுப் பிரிவை முடிவு செய்ய உலக மல்யுத்தக் கூட்டமைப்பு பார்ப்பது பிறந்த ஆண்டை மட்டும்தான். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில், போட்டி நடக்கும் ஆண்டில் 16, 17 வயதை எட்டுபவர்கள் வருவார்கள். 15 வயதுக்காரர் இறங்க மருத்துவச் சான்றும் பெற்றோர் சம்மதமும் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: 2009 டிசம்பர் 31-இல் பிறந்தவர் 2027-இல் 20 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போய்விடுவார். மறுநாள் பிறந்தவர் இன்னும் 17-லேயே இருப்பார்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மல்யுத்தத்தில் வயதுப் பிரிவே கிடையாது, எடைப் பிரிவு மட்டும்தான். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் 14 வயதுப் பையன் எதிரே, பன்னிரண்டாம் வகுப்பின் 18 வயதுக்காரர் நிற்கலாம். எடை ஒன்றுதான், சரி. பிடியின் பலம் ஒன்றாகுமா? மகனை வேண்டுமென்றே ஒரு வருடம் தாமதமாக உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரும் அங்கே உண்டு. எனக்கு முதல் முறையே மேல். பிறப்புச் சான்றிதழை அப்படி வளைக்க முடியாது.