பேட்டை மிலிட்டரிக்காரர் பட்டறை: பழைய ஸ்டாலியனை நம்பி விடலாமா?

ராணுவம் கழித்துவிட்ட டீசல் லாரியை ஏலத்தில் எடுத்துவிடலாம். அதைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஆளைத் திருநெல்வேலிச் சீமையில் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு. லேலண்டு வண்டி பார்க்கும் பட்டறைகளுக்கு இங்கே பஞ்சமில்லை என்றாலும், முன்சக்கரத்துக்கும் ஓட்டம் போகிற வண்டி என்று சொன்னவுடன் பெரும்பாலானவர்கள் நாமக்கல்லுக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கையை விரித்துவிடுகிறார்கள். பேட்டையிலிருந்து சேரன்மகாதேவி செல்லும் சாலையை ஒட்டி இருக்கும் இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மிலிட்டரிக்காரர் பட்டறை என்று கேட்டால் லாரிக்காரர்கள் வழி காட்டுவார்கள். ராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், இரண்டு மூன்று பையன்களை வைத்துக்கொண்டு நடத்துகிறார்.

எங்களுடையது அசோக் லேலண்டு ஸ்டாலியன் என்ற ராணுவ லாரி. திசையன்விளைப் பக்கம் தேரி என்னும் செம்மணல் மேட்டில் இருக்கும் முருங்கைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காக வாங்கினோம். சாதாரண டேங்கர் அந்தச் செம்மணலில் அச்சு வரை புதைந்துவிடும் என்பது அந்தப் பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வண்டியின் என்ஜினைப் பற்றி யாரும் பயப்படத் தேவையில்லை. ஜப்பானின் ஹினோ நிறுவனத்துடன் செய்துகொண்ட தொழில்நுட்ப உடன்பாட்டின் வழியாக வந்த, 5,759 சி.சி. கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் என்ஜின் அது. அதே குடும்பத்து என்ஜின்கள் சாதாரண லாரிகளிலும் ஓடியிருப்பதால் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் கடையில் கிடைத்துவிடும். சிக்கல், முன், பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலும், முன் அச்சின் பல்சக்கரங்களைக் கொண்ட ஹவுசிங்கிலும்தான் இருக்கிறது. இவற்றின் உதிரிப் பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையையோ டெல்லி மாயாபுரியையோதான் நம்பியிருக்க வேண்டும். இந்தப் பட்டறையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பல்சக்கரங்களும் ஜாயின்டுகளும் ஒரு கொட்டகை நிறைய இருக்கின்றன. அவற்றில் எது எந்த வண்டியுடையது என்று சீட்டெழுதிக் கட்டியும் வைத்திருக்கிறார்கள். பட்டறைகளில் இப்படி ஓர் ஒழுங்கைக் காண்பது அரிது.

ராணுவ டிப்போவில் நெடுநாள் நின்ற வண்டியின் டீசல் லைனை இவர்கள் கையாளும் விதத்துக்காகவே இந்தப் பட்டறையைப் பரிந்துரைப்பேன். வண்டி வந்தவுடன் செல்ஃப் அடித்துப் பார்க்கும் வழக்கமே இங்கே இல்லை. நின்ற வண்டியின் டேங்கில் அடியில் நீர் சேர்ந்து, துருவும் கறுப்பு வண்டலும் படிந்திருக்கும். டீசல் பம்பில் டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியோ சில மைக்ரான் மட்டுமே. அந்த வண்டலோடு ஒருமுறை சுற்றினால் பம்ப் போய்விடும் என்பதால், டேங்கை முதலில் இறக்கிக் கழுவி, ரப்பர் குழாய்களையும் ஃபில்டர்களையும் மாற்றி, என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைச் சோதனை மேடையில் ஏற்றி, டீசல் பனிபோல் தெளிக்கிறதா அல்லது ஒழுகுகிறதா என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். எங்கள் வண்டியில் இரண்டு நாசில்கள் ஒழுகின. அதன் பிறகு ஃபில்டர் தலையிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கிக்கொண்டே, நுரை நின்று தெளிந்த டீசல் வரும் வரை பொறுத்திருந்து இறுக்கினார்கள். அப்புறம்தான் சாவியைத் திருகினார்கள்.

தண்ணீர்த் தொட்டி ஏற்றியதில் இவர்களின் அறிவு இன்னும் நன்றாகத் தெரிந்தது. மேடு பள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையை விடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இத்தகைய வண்டிகளின் சேஸ், அதாவது அடிச்சட்டம், ஓரளவு முறுக்கிக் கொடுக்கும்; தொட்டியோ முறுக்கவே முறுக்காது. இரண்டையும் நீளவாக்கில் யு-போல்ட்டால் இறுக்கிக் கட்டினால், தேரியில் ஏறி இறங்கும்போது ஒன்று தொட்டி வெடிக்கும், இல்லையென்றால் சேஸில் கீறல் விழும். “டேங்க இறுக்கிக் கெட்டுனியள்னா சேஸ் முறுக்கயில வெல்டு விட்டுரும் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, பட்டறைக்காரர் பின்பக்கத்தை மட்டும் உறுதியாகப் பிணைத்து, முன்பக்கத்தில் சுருள்வில் வைத்த போல்ட்டுகளைப் போட்டார். சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் ஓர் ஓட்டைகூடப் போட விடவில்லை. தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கின்றனவா என்று ஆளை உள்ளே இறக்கிப் பார்த்த பிறகே ஏற்றினார். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைமோதினால் வளைவில் வண்டியையே சாய்த்துவிடும்.

அழகுக்காக வண்டியை மாற்ற நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. அகலமான டயர், உயர்த்திய ஸ்பிரிங் பட்டை, கூரை முழுக்க விளக்கு என்று பட்டியலோடு வந்த ஒருவரை அவர் திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே எங்கள் தொட்டிக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியைக் கொண்டுவந்தால்தான் வேலை தொடங்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆலிவ் பச்சையை அப்படியே விட்டுவிடலாம் என்ற ஆசையும் பலிக்கவில்லை. பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் அந்த நிறம் அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதி சொல்கிறது. பின் ஹவுசிங்கில், இருட்டில் வரிசையாகச் செல்லும் வண்டிகளுக்காக அடித்திருந்த வெள்ளை வட்டத்தையும் அதன் மேலுள்ள சின்ன விளக்கையும் மட்டும், கேட்காமலே புதுப்பித்துக் கொடுத்தார். பழைய பாசம் போலும்.

அவர் மனமுவந்து செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. வண்டி 24 வோல்ட்டில் ஓடுகிறது. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். முன்பு வண்டியை ஓட்டியவர் பாட்டுப்பெட்டிக்காக ஒரே பேட்டரியிலிருந்து கம்பி இழுத்திருந்ததால், ஒன்று எப்போதும் அரைகுறையாகவும் மற்றொன்று அளவுக்கு மீறியும் சார்ஜ் ஏறி இரண்டுமே வீணாகிப் போயிருந்தன. அதற்குப் பதிலாக மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்தினார்கள். ஆனால் வயரிங் வேலையைப் பட்டறை ஆட்கள் செய்வதில்லை. வெளியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வருகிறார், அவர் வரும் நாள்தான் நாள். அந்த வேலையின் தரமும் சுமார்தான். இன்டிகேட்டர் கம்பிகளை மீண்டும் வேறிடத்தில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

கூலி நியாயமானது என்றே சொல்வேன்; நாமக்கல்லுக்கு வண்டியைக் கொண்டுபோய் வரும் டீசல் செலவைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு. ஆயினும் கணக்கெல்லாம் கோடு போட்ட நோட்டில்தான் எழுதப்படுகிறது, ஜி.எஸ்.டி. பில் கிடைக்காது, முன்கூட்டியே மதிப்பீடு எழுதித் தரும் பழக்கமும் இல்லை. கம்பெனிப் பெயரில் வண்டி வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். சொன்ன தேதிக்கு வண்டி வெளியே வரும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பல்சக்கரம் வர வேண்டியிருந்தால் அது வரும் வரை அவர் வேறு வண்டியைத் திறந்துவிடுவார்.

கியர் பாக்ஸ், ஹவுசிங் போன்றவற்றைத் திறக்கும் பெரிய வேலை இருந்தால் ஐப்பசி பிறப்பதற்குள் வண்டியைக் கொண்டுபோய்விடுவது நல்லது. உதிரிப் பாகங்கள் வைத்திருக்கும் கொட்டகையைத் தவிர வேறு கூரை அங்கே இல்லை. மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.