சித்தப்பாவின் மஞ்சப்பை

இங்கிலாந்தில் நான் இருக்கும் பர்மிங்காமிலிருந்து கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். பயணம், கல்யாணம், கறிதோசை எல்லாம் நன்றாகவே நடந்தன. அதையெல்லாம் விடுங்கள், எனக்குச் சித்தப்பாவின் மஞ்சப்பையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மேலூர் நான்குவழிச் சாலையில் அவர் வந்த பஸ் கவிழ்ந்து இரண்டு வருஷமாகிறது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் லாரியின் ஏர்ஹாரன் கேட்டால் இன்னும் வியர்த்துப்போய்த் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொள்கிறார், ராத்திரியில் அலறி எழுகிறார். 'பயந்த கோளாறு' என்று பாண்டி கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார் சித்தி. இதோடு சுகர், வீசிங் வேறு.

மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். பர்மிங்காமில் இதற்கு மாதக்கணக்கில் காத்துக் கிடக்கணும், இங்கே அன்று சாயங்காலமே டோக்கன். சந்தோஷப்பட்டேன். உள்ளே ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பி.டி.எஸ்.டி. என்றார், அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடரும் பயம். செர்ட்ராலின் மாத்திரை எழுதினார். சரியான மருந்துதான். விபத்தைப் பற்றிப் பேசவைத்தே பயத்தைத் தணிக்கும் சிகிச்சை உண்டே, அங்கே 8 முதல் 12 அமர்வு வரை தருவார்களே என்று கேட்டேன். "முதல்ல மாத்திரை போடட்டும்." படபடப்புக்கென்று ப்ரொப்ரானலாலும் சேர்த்தார். அவர் சாப்பிடும் மருந்தெல்லாம் இருந்த மஞ்சப்பை சித்தப்பா மடியிலேயே இருந்தது, யாரும் அவிழ்க்கவில்லை.

அவிழ்த்தது மெடிக்கல் ஷாப் தம்பி. பையில் இன்ஹேலர் தலை நீட்டியதைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு வீசிங்கா? பையக் குடுங்கண்ணே" என்றான். அட்டை அட்டையாகக் கண்ணாடி மேல் பரப்பினான். வீசிங் உள்ளவருக்கு ப்ரொப்ரானலால் மூச்சுக்குழாயை இறுக்கும், இன்ஹேலரையும் வேலை செய்ய விடாது. சுகர் இறங்கினால் வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். அங்கேயானால் என் குடும்ப டாக்டரின் கம்ப்யூட்டரே எச்சரித்திருக்கும். இங்கே சுகருக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், மனசுக்கு ஒருவர். ஒருத்தர் ஃபைலை மற்றவர் பார்த்ததே இல்லை.

பின்னால் கூட்டம் முணுமுணுத்தது. அவன் அசரவில்லை. டாக்டருக்கே போன் போட்டு அந்த மாத்திரையை நிறுத்தவைத்தான். அப்புறம் ஒரு மருந்துப் பெட்டியைக் கிழித்து, உள்பக்கம் எல்லா மருந்தையும் வரிசையாக எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் சுகர் டாக்டரிடம் அதை நீட்டினோம். "யார் எழுதினது இது?"

"மெடிக்கல் தம்பி" என்றார் சித்தப்பா, பெருமையாக.