3,000 டாலர் கைத்துப்பாக்கி: கூடுதல் விலைக்குத் தகுமா?

ஜான் பிரௌனிங் வடிவமைத்து, அமெரிக்கத் தரைப்படை 1911-இல் ஏற்றுக்கொண்ட .45 (குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.45 அங்குலம்) கைத்துப்பாக்கியை இன்றும் பல நிறுவனங்கள் தயாரித்து விற்கின்றன. பிலிப்பைன்ஸில் செய்யப்படும் ராக் ஐலண்ட் ஏறத்தாழ 500 டாலருக்குக் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துச் சிற்றூரான பெரிவில்லில் உருவாகும் வில்சன் காம்பேட், நைட்ஹாக் கஸ்டம் வகைகளோ பெரும்பாலும் 3,000 டாலரைத் தாண்டிவிடுகின்றன.

இந்தக் கூடுதல் தொகையில் பெரும்பங்கு கைவேலைக்கான கூலி. நைட்ஹாக்கில் ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு துப்பாக்கியை இழைத்துப் பொருத்தித் தம் முதலெழுத்துகளைப் பொறிக்கிறார். கடையில் கையிலெடுப்பவர்கள், மேற்பகுதியான ஸ்லைடு சிறிதும் ஆடாமல் வழுக்கிச் செல்வதைக் கண்டு வியக்கிறார்கள். ஆனால் குறிபார்க்கும் முனைகள் ஸ்லைடின் மீதே இருப்பதால், ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் குழல் அந்த ஸ்லைடுக்குள் அதே இடத்தில் வந்து பூட்டிக்கொள்கிறதா என்பதே துல்லியத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அடிச்சட்டத்தோடு ஸ்லைடு எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்பதன் பங்கு அதைவிடக் குறைவு.

இறுக்கமே நம்பகம் என்றும் எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் உலகப்போரில், தட்டச்சுப்பொறி செய்துவந்த ரெமிங்டன் ராண்ட் போன்ற நிறுவனங்கள், ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தளர்வான அளவுகளில் தயாரித்த துப்பாக்கிகள் சேற்றிலும் மணலிலும் இயங்கின. கையால் இழைத்துப் பொருத்தும் இன்றைய இறுக்கமான வகைகள் சிலவற்றை முதலில் சில நூறு தோட்டாக்கள் சுட்டுப் பழக்க வேண்டியிருக்கிறது.

லெஸ் பேயர் நிறுவனம் தன் போட்டித் துப்பாக்கிகளுக்கு 50 கஜத்தில் 3 அங்குலத்துக்குள் குண்டுகள் விழும் என உத்தரவாதம் தருகிறது. ஒற்றைக் கையால் சுடும் புல்ஸ்ஐ போட்டியில், அதே தொலைவில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் சுமார் 3.4 அங்குலமே, ஆகவே அப்போட்டியில் முன்னேறியவருக்கு இந்தச் செலவு முற்றிலும் தகும். தற்காப்புக்காக வாங்குபவருக்கு, அல்லது வார இறுதியில் 15 கஜத்தில் சுடுபவருக்கு, அந்தத் துல்லியம் இலக்குத் தாளில் தென்படவே போவதில்லை. அவர் உண்மையில் உணரப்போவது, நான்கு பவுண்டு அழுத்தத்தில் பிசிறின்றி விடுபடும் ட்ரிக்கரை மட்டுமே. தேர்ந்த உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரால் நடுத்தர விலைத் துப்பாக்கியிலும் அதைச் செய்துதர முடியும்.

என் கணிப்பில், ஏறத்தாழ 2,000 டாலருக்கு வரும் டேன் வெஸ்ஸன் துப்பாக்கியோடு இந்த விலையேற்றத்தின் பயன் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தருவது வேலைப்பாட்டின் அழகுக்கு. அதை விரும்பி வாங்குவது முறையே. குறி நன்றாக அமையும் என்று நம்பி வாங்குவது முறையன்று, ஏனெனில் மிச்சமாகும் பணத்தில் ஏராளமான தோட்டாக்களும் நல்ல பயிற்சியாளரும் கிடைப்பார்கள்.

விலை எதுவானாலும், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, கடைக்காரரின் அனுமதியுடன் ஸ்லைடை மூடி, மேல் திறப்பில் தெரியும் குழலின் பின்முனையை விரலால் அழுத்திப் பாருங்கள். அது கீழிறங்கினால் குழல் உறுதியாகப் பூட்டிக்கொள்ளவில்லை என்று பொருள், எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் அந்த விலை கொடுக்க வேண்டாம்.