நத்தார் மேசைக்கு எது: ஆங்கிலேயப் புடிங்கா, நம் ஊர் ரிச் கேக்கா?

லண்டனில் நத்தார் மதியச் சாப்பாட்டுக்கு உறவுகளைக் கூப்பிடும் இலங்கைத் தமிழர் வீடுகளில் நவம்பரிலேயே இந்தப் பேச்சு வந்துவிடும். ஆவியில் வேகும் ஆங்கிலேயக் கிறிஸ்மஸ் புடிங், ரவையும் கஜுவும் போட்டுச் செய்யும் இலங்கை ரிச் கேக், இரண்டையும் செய்து பரிமாறியவள் நான். இப்போது எங்கள் வீட்டில் ரிச் கேக்தான். அதனால் இந்த அலசல் கொஞ்சம் ஒரு பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டிலும் உலர்பழம், கறுவா, கராம்பு, பிராண்டி உண்டு. இரண்டையும் வாரக்கணக்கில் முன்பே செய்து வைக்கலாம். சீனி வியாதிக்காரர் இரண்டிலுமே கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் புடிங். அட்வென்ட் காலத்துக்கு (நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிறுகள் கொண்ட ஆயத்தக் காலம்) முந்திய கடைசி ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள எல்லோரும் ஆளுக்கொரு தடவை கலவையைக் கிளறுவது ஆங்கிலேயர் வழக்கம். மா, பாண்தூள், கறுப்புச் சீனி, முட்டை, பழங்கள், அதோடு சூயட். சூயட் என்றால் மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. மாட்டிறைச்சி தொடாத விருந்தாளி இருந்தால் இதைக் கவனிக்க வேண்டும். தாவரக் கொழுப்பில் செய்த சூயட்டும் கடையில் கிடைக்கிறது. நான் பாவித்தது அதைத்தான். அசல் சூயட்டின் ருசி பற்றி நான் பேசினால் அது கேள்விஞானம்தான்.

கலவையைக் கிண்ணத்தில் அடைத்து, கடதாசியும் ஃபொயிலும் போட்டுக் கட்டி, ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆவியில் வேகவைக்க வேண்டும். பானையில் தண்ணீர் வற்றாமல் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. செய்ய நேரமில்லையா, சூப்பர்மார்க்கெட்டில் வாங்கலாம். சுமாரான விலைக்கே நல்லது கிடைக்கிறது. ரிச் கேக்கை இங்கே அப்படிச் சுலபமாக வாங்க முடியாது.

ரிச் கேக்கில் வேலை அதிகம்தான். மாவுக்குப் பதில் ரவை. இலேசாக வறுத்து, சூடு ஆறுமுன் பட்டரில் பிசைந்து ஊறவிட வேண்டும். சுல்தானா, பிளம்ஸ், செரி, இஞ்சிப் பாகு, சௌசௌ பாகு, சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணி எல்லாவற்றையும் பொடியாக வெட்டி, பிராண்டியும் தேனும் ஊற்றி வைப்போம். கஜுவையும் கையால்தான் நறுக்க வேண்டும். மெஷினில் போட்டால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். செலவில் பெரும் பங்கு இந்தக் கஜுவுக்கே. 250 கிராம் ரவைக்குப் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் கரு போகும். கடைசியில் ரோஸ் வாட்டர். தட்டின் அடியிலும் பக்கத்திலும் பல அடுக்குக் கடதாசி போட்டு, 150 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக வேகவிட வேண்டும். குச்சி சுத்தமாக வரும்வரை காத்திருந்தால் கேக் காய்ந்துவிடும். நடுவில் ஈரம் நிற்கும்போதே எடுத்துவிடுங்கள்.

சரி, இவ்வளவு பாடுபட்டும் நான் ஏன் கேக் பக்கம்? காரணம் 25ஆம் திகதி அடுப்பு.

புடிங் முன்பே வெந்திருந்தாலும் அன்றைக்கு மறுபடி இரண்டு மணி நேரம் ஆவியில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பில் நாலு பேர்னர். ஒன்றில் மஞ்சள் சோறு, ஒன்றில் ஆட்டிறைச்சிக் கறி, ஒன்றில் கட்லட் பொரிக்கும் எண்ணெய். மீதி இருக்கும் ஒன்றையும் காலை முழுக்கப் புடிங் பானை பிடித்துக்கொண்டால் பருப்பை எங்கே வைப்பது? மைக்ரோவேவ் இருக்கிறதே என்பீர்கள். சில நிமிடங்களில் சூடாகிவிடும், உண்மை. ஆனால் வழக்கப்படி உள்ளே காசு புதைத்திருந்தால் அதில் வைக்கவே கூடாது. அப்புறம், சுடச்சுடப் பரிமாற வேண்டும், பிராண்டி பட்டரோ கஸ்டர்டோ வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் மேசையில் இருக்கவும் வேண்டும். நம் ஆட்கள் அப்படிச் சாப்பிடுவதில்லை. ஒருவர் பூசை முடிந்து நேரே வருவார், இன்னொருவர் வேலை முடிந்து நாலு மணிக்கு வருவார். முதல் பந்தியே ஆட்டிறைச்சிக் கறியோடு நிறைந்த வயிற்றுடன், 'பிறகு சாப்பிடுறன்' என்று சோபாவில் சாய்ந்துவிடும்.

கேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் நாளே சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மெழுகுக் கடதாசியில் சுற்றி, டின்னில் அடுக்கிவிடலாம். வருகிறவர் வரும்போது எடுப்பார், போகும்போது பிள்ளைகளுக்கும் இரண்டு கொண்டுபோவார். மாமி ஒருவர் சாப்பிட்டதைவிடக் கைப்பையில் வைத்ததுதான் அதிகம்!

புடிங்குக்கு ஒரு இடத்தில் ஈடில்லை. விளக்கை அணைத்து, சூடாக்கிய பிராண்டியை ஊற்றிக் கொளுத்தும்போது எழும் நீலச் சுவாலைக்குப் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். ரிச் கேக்கில் அந்த வேடிக்கை கிடையாது. வீட்டில் நாலே பேர், எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள் என்றால் சின்னப் புடிங் ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். அவ்வளவு கஜுவை யார் வெட்டுவது? முட்டை சேர்க்காத விருந்தாளிகள் வந்தாலும் முட்டையில்லாத புடிங்கைத் தேடி வாங்குங்கள். முட்டையில்லாத ரிச் கேக் நான் செய்ததில்லை, பத்து மஞ்சள் கருவை எடுத்துவிட்டு அதே பதம் வரும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை.